அப்பாவிடம் நோயின் பெயரைச் சொல்லலாமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 72. கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சில மாதங்களாகப் பசியில்லை, எடை குறைந்தது, பிறகு மஞ்சள் காமாலை வந்தது. ஸ்கேனும் பயாப்ஸியும் எடுத்த பிறகு, கணையத்தில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது என்று தெரிந்தது. மருத்துவர் அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடமும் என் கணவரிடமும் மட்டும் இதைச் சொன்னார். பித்தக் குழாயின் அடைப்பைத் திறக்க ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வைத்திருக்கிறார்கள். கீமோ தொடங்கலாமா என்று யோசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அப்பாவிடம் "பித்தப்பையில் கல்" என்று சொல்லி வைத்திருக்கிறோம்; டிஸ்சார்ஜ் சம்மரியைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் தம்பி, "அங்கெல்லாம் நோயாளியிடம்தான் முதலில் சொல்வார்கள், அது அப்பாவின் உரிமை, இரண்டு வார லீவில் வரும்போது நானே சொல்லிவிடுகிறேன்" என்கிறான். அம்மாவும் பெரியப்பாவும், "நம் பக்கம் அப்படி வழக்கமில்லை, சொன்னால் மனம் விட்டுப்போய் அன்றைக்கே சாப்பாட்டை நிறுத்திவிடுவார்" என்கிறார்கள். போன வாரம் அப்பா, பிளஸ் டூ படிக்கும் என் மகனிடம், "கல்லை எடுத்த பிறகும் கண் ஏன் இன்னும் மஞ்சளாக இருக்கிறது?" என்று கேட்டாராம். நாங்கள் செய்வது சரிதானா?
— திருச்சி மாவட்ட வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அப்பாவிடம் சொல்லலாமா என்பது ஒன்று. அமெரிக்க முறை சரியா, நம் வழக்கம் சரியா என்பது இன்னொன்று. இரண்டாவதற்குத் தீர்ப்புக் கிடைத்தால் முதலாவதற்கும் விடை கிடைத்துவிடும் என்று உங்கள் தம்பியும் பெரியப்பாவும் நினைப்பதாகத் தெரிகிறது. வலி நிவாரண ஆதரவு சிகிச்சைப் பிரிவில் புற்றுநோயாளிகளையும் அவர்களுடைய குடும்பத்தாரையும் நாள்தோறும் பார்த்துவருபவன் என்ற முறையில், எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதை அப்பாவிடமே கேட்க வேண்டும். அவர் கேட்கும் அளவுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். அவர் வேண்டாம் என்பதை அவர்மேல் திணிக்கக் கூடாது. இல்லாத நோயின் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பதை மட்டும் இன்றோடு நிறுத்திவிட வேண்டும். இதை எப்படிச் செய்வது என்பதைப் பின்னால் விரிவாக எழுதுகிறேன். அதற்குமுன், வீட்டில் நடக்கும் வாதத்தில் இரு தரப்பும் நம்பிக்கொண்டிருக்கும் சில விஷயங்களைப் பார்த்துவிடலாம்.

தம்பி சொல்வது இன்றைய அமெரிக்காவுக்குப் பொருந்தும். ஆனால் அது அந்த நாட்டின் தொன்றுதொட்ட வழக்கம் என்று அவர் எண்ணினால் அது பிழை. 1961-ல் சிகாகோவின் ஒரு மருத்துவமனையில் பணியாற்றிய 200-க்கும் மேற்பட்ட மருத்துவர்களிடம் டொனால்ட் ஓக்கன் என்ற மனநல மருத்துவர் கேட்டபோது, ஏறத்தாழ 90 சதவீதம் பேர், புற்றுநோய் என்று நோயாளியிடம் பொதுவாகச் சொல்வதில்லை என்றே பதிலளித்தார்கள். நோயாளியை வெளியே உட்காரவைத்துவிட்டுக் குடும்பத்தாரிடம் பேசுவதுதான் அன்று அங்கும் நடந்தது. 1979-ல் அதே கேள்விகளை நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் வேறு மருத்துவர்களிடம் கேட்டபோது 97 சதவீதம் பேர் சொல்வோம் என்றார்கள். பதினெட்டு ஆண்டுகளில் ஒரு நாட்டின் மருத்துவ வழக்கம் தலைகீழாகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் கீமோவும் கதிர்வீச்சும் மேம்பட்டதால், புற்றுநோய் என்றாலே மரணம் என்ற நிலை மாறியிருந்தது. நோயாளிக்கு விவரம் சொல்லிச் சம்மதம் வாங்காமல் சிகிச்சை செய்தால் வழக்கு வரும் என்ற நிலையை நீதிமன்றங்கள் உண்டாக்கியிருந்தன. புதிய மருந்துகளைச் சோதித்துப் பார்க்க, நோயை அறிந்த நோயாளியின் கையெழுத்துத் தேவைப்பட்டது. அமெரிக்கர்கள் திடீரென்று நம்மைவிட நேர்மையானவர்களாக மாறிவிட்டார்கள் என்று இதற்குப் பொருளில்லை.

இன்னும் பின்னால் போனால் உங்கள் பெரியப்பாவின் குரலையே அங்கே கேட்கலாம். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1847-ல் வெளியிட்ட முதல் நெறிமுறையில், மருத்துவர் துயரமான முன்கணிப்புகளைத் தாமாக எடுத்துச் சொல்லக் கூடாது, ஆபத்து உண்மையிலேயே வரும்போது நோயாளிக்கு வேண்டியவர்களிடம் தெரிவிக்க வேண்டும், மிக அவசியமானால் மட்டுமே நோயாளியிடம் சொல்லலாம் என்று எழுதியிருந்தது. மருத்துவரின் செயலால் மட்டுமன்றி, சொல்லாலும் பாவனையாலும்கூட நோயாளியின் ஆயுள் குறையக்கூடும் என்று அதற்குக் காரணமும் சொன்னது. கிரேக்க மருத்துவர் ஹிப்போக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல்களிலும், பெரும்பாலானவற்றை நோயாளியிடமிருந்து மறைத்துவிடும்படி அறிவுரை உண்டு. நம் நாட்டின் பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையின் விமானஸ்தானம் என்ற பகுதியில், மருத்துவ மாணவன் ஏற்க வேண்டிய ஒழுக்கங்களின் வரிசையில், நோயாளியின் ஆயுள் குறைந்துவருவதை அறிந்தாலும், சொல்வதால் அவருக்கோ மற்றவருக்கோ கேடு வருமென்றால் அங்கே அதைச் சொல்லக் கூடாது என்று வருகிறது. ஆக, மறைப்பது கிழக்கின் குணம், சொல்வது மேற்கின் குணம் என்ற பிரிவினை வரலாற்றில் நிற்காது.

இதில் ஜப்பானின் கதை உங்கள் வீட்டுக்கு மிக நெருக்கமானது. 1983-ல் நகோயா நகரில் ஒரு செவிலியர் வயிற்று வலியோடு மருத்துவமனைக்குச் சென்றார். மருத்துவர் பித்தப்பைப் புற்றுநோய் என்று சந்தேகித்தார். அந்நாட்டின் அன்றைய வழக்கப்படி அதைச் சொல்லாமல், பித்தப்பையில் கல், கொஞ்சம் மோசமாக இருக்கிறது, அறுவைச் சிகிச்சைக்குச் சேர்ந்துவிடுங்கள் என்றார். கல்தானே என்று அந்தப் பெண் வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குப் போய்வந்தார். மருத்துவமனையில் சேர்வதையும் ஒத்திப்போட்டார். சில மாதங்களில் நிலைமை முற்றி, அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்துபோனார். குடும்பத்தார் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1995-ல், மருத்துவர் அன்றைய நடைமுறைக்கு மாறாக எதையும் செய்யவில்லை என்று கூறி நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. அந்நாட்டின் சக்கரவர்த்தி ஹிரோஹிட்டோ 1989 ஜனவரியில் இறந்த பிறகுதான் அவருக்கு இருந்தது சிறுகுடல் புற்றுநோய் என்று வெளியே அறிவிக்கப்பட்டது. அதுவரை கணைய அழற்சி என்றே சொல்லிவந்தார்கள், அவரிடமும் சொல்லவில்லை. அதே ஜப்பானில் இன்று நோயாளியிடம் நேரடியாகச் சொல்வதே வழக்கமாகிவிட்டது. ஒரு தலைமுறைக்குள் இது நடந்திருக்கிறது. "நம் பக்கம் வழக்கமில்லை" என்று பெரியப்பா சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வழக்கம் என்பது அந்தந்தத் தலைமுறை செய்துகொள்ளும் ஏற்பாடு.

அப்படியானால் பண்பாட்டு வேறுபாடு என்பதே கிடையாதா என்று தம்பி கேட்கலாம். நிச்சயமாக உண்டு, அதை அலட்சியம் செய்யும் மருத்துவர் நோயாளியைக் காயப்படுத்திவிடுவார். அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் நவஹோ மக்களிடம் 1990-களில் பேசிய ஆய்வாளர்கள், அவர்களில் பலர், கெட்டதை வாயால் சொல்வதே கெட்டதை வரவழைக்கும் என்று நம்புவதைப் பதிவு செய்தார்கள். அபாயங்களை ஒன்றுவிடாமல் எடுத்துரைத்துக் கையெழுத்து வாங்கும் மருத்துவமனை முறை அவர்களுக்குச் சாபம் இடுவதாகவே பட்டிருக்கிறது. "வாயை வைக்காதே", "நல்ல வார்த்தை சொல்லு" என்று கேட்டு வளர்ந்த நமக்கு அதைப் புரிந்துகொள்வதில் சிரமமே இல்லை. உங்கள் அம்மாவின் தயக்கத்திலும் இதில் ஒரு பங்கு இருக்கும். அதைப் படிப்பறிவின்மை என்று தம்பி ஒதுக்கிவிடக் கூடாது.

ஆனால் பண்பாட்டை வைத்துக்கொண்டு ஒரு தனிமனிதரின் விருப்பத்தை ஊகிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. 1995-ல் வெளியான லாஸ் ஏஞ்சல்ஸ் ஆய்வு ஒன்றில், 65 வயதைக் கடந்த 800 பேரிடம், நான்கு சமூகங்களிலிருந்து 200 பேர் வீதம், பரவிவிட்ட புற்றுநோயை நோயாளியிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். வெள்ளையரில் 87 சதவீதம் பேரும் கறுப்பினத்தவரில் 88 சதவீதம் பேரும் சொல்ல வேண்டும் என்றார்கள். மெக்சிகோ வழியினரில் 65 சதவீதம். கொரிய வழியினரில் 47 சதவீதம். வேறுபாடு பெரியதுதான். எனினும் அந்த 47 என்ற எண்ணைச் சற்று நின்று பாருங்கள். "கொரியர்கள் விரும்பமாட்டார்கள்" என்ற எண்ணத்தில் ஒரு மருத்துவர் வாயை மூடிக்கொண்டால், ஏறக்குறைய இருவரில் ஒருவருக்கு அவர் தவறிழைக்கிறார். இறப்பு நெருங்குகிறது என்பதைச் சொல்ல வேண்டுமா என்று கேட்டபோது வெள்ளையரிலேயே 69 சதவீதம் பேர்தான் ஆம் என்றார்கள். "அமெரிக்காவில் எல்லாரிடமும் சொல்லிவிடுவார்கள்" என்று எல்லாவற்றையும் கொட்டும் மருத்துவரும் பத்தில் மூன்று பேரிடம் தவறுகிறார். திருச்சிக்காரரா, டெக்ஸஸ்காரரா என்பதை வைத்து உங்கள் அப்பாவுக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிட முடியாது.

நம் ஊரில் பண்பாடு என்ற பெயரில் வேறு சில காரணங்களும் ஒளிந்துகொள்கின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சிகிச்சைக்குப் பணம் கட்டுபவர் பிள்ளைகளாக இருக்கும்போது, மருத்துவர் பணம் கட்டுபவரிடமே பேசிப் பழகிவிடுகிறார். புறநோயாளிப் பிரிவில் கூட்டம் வரிசை கட்டி நிற்கும்போது, விவரம் தெரிந்த மகளிடம் ஆங்கிலச் சொற்களில் ஐந்து நிமிடத்தில் சொல்லி அனுப்புவது, நோயாளியின் எதிரே அமர்ந்து அவர் அழுது முடிக்கும்வரை காத்திருப்பதைவிட எங்களுக்கு எளிது. இன்னொன்று, நோயாளி பெண்ணாக இருந்துவிட்டால் இந்தக் கேள்வியே பெரும்பாலும் எழுவதில்லை. கணவரும் மகன்களும் முடிவெடுத்து, அந்த அம்மாளுக்கு எதற்காக ஊசி போடுகிறார்கள் என்பதுகூடத் தெரியாமல் ஆறு சுற்று கீமோ முடிந்துவிடுவதை நான் பார்க்கிறேன். உங்கள் அம்மாவுக்கு இந்த நோய் வந்திருந்தால், வீட்டில் இந்த அளவுக்கு விவாதம் நடந்திருக்குமா என்று நீங்களே கேட்டுப் பாருங்கள்.

சட்டத்தைப் பற்றித் தம்பி கேட்டால் சொல்வதற்காக இதையும் எழுதுகிறேன். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள், நோயின் தீவிரத்தை மருத்துவர் மிகைப்படுத்தவும் கூடாது, குறைத்துக் காட்டவும் கூடாது என்கின்றன. நோயாளியோ உறவினரோ பொறுப்புள்ள நண்பரோ நிலைமையை அறிந்திருக்கும்படி பார்த்துக்கொள்ளச் சொல்கின்றன. அந்த "உறவினரோ" என்ற இடத்தில்தான் உங்கள் மருத்துவர் நின்றுகொண்டார். ஆனால் சிகிச்சைக்கான சம்மதம் என்று வரும்போது நிலைமை வேறு. சுயநினைவும் தெளிவும் உள்ள வயதுவந்த ஒருவருக்காகப் பெற்ற தாய் கொடுத்த சம்மதம்கூடச் செல்லாது என்று 2008-ல் நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு கீமோ கொடுப்பதென்றால் கையெழுத்து அவருடையதாக இருக்க வேண்டும். எதற்காகக் கையெழுத்துப் போடுகிறோம் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாற்பது ஆண்டு லெட்ஜரைச் சரிபார்த்த மனிதரிடம், படிக்காமல் கையெழுத்துப் போடச் சொல்லி எந்தப் படிவத்தை நீட்டப்போகிறீர்கள்?

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, அப்பா பேரனிடம் கேட்ட கேள்விதான். ஸ்டென்ட் வைத்த பிறகு மஞ்சள் நிறம் வடியச் சில வாரங்கள் ஆவது இயல்பே. அதைப் பேரன் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் ஏன் மருத்துவரிடம் கேட்கவில்லை? மகளிடம், மனைவியிடம் ஏன் கேட்கவில்லை? பெரியவர்கள் எல்லாரும் ஒரே பதிலைச் சொல்வதைக் கவனித்துவிட்டு, அந்தப் பதிலைப் பழகிக்கொள்ளாத ஒருவனைத் தேடிப்பிடித்திருக்கிறார். மொட்டை மாடிக்குப் போய்த் தம்பியோடு தாழ்ந்த குரலில் பேசுவதும், நாலைந்து ஆண்டுகளாக எட்டிப்பார்க்காத உறவினர்கள் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக வந்து கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவதும், டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கும் பீரோவின் சாவி இடம் மாறியிருப்பதும் அவர் கண்ணுக்குத் தப்பியிருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? அவருக்கு முழுவதும் தெரியாமல் இருக்கலாம். சந்தேகம் வந்துவிட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை.

பார்னி கிளேசர், அன்செல்ம் ஸ்ட்ராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1960-களில் சான் பிரான்சிஸ்கோ பகுதி மருத்துவமனைகளில் இருந்து கவனித்து எழுதிய ஒரு நிலை இது. நோயாளிக்குத் தெரியும்; குடும்பத்துக்கும் தெரியும்; இருவரும் மற்றவருக்காகத் தெரியாததுபோல் நடிக்கிறார்கள். இந்த நடிப்பில் குடும்பத்தாருக்காவது ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழ இடமிருக்கிறது. நோயாளிக்கு அதுவும் இல்லை. உங்கள் மகனைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேர்வு ஆண்டில் இருக்கும் பையன், தாத்தாவின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வேண்டிய நிலையில் இருக்கிறான். அவனுக்கு என்ன தெரியும் என்பதை முதலில் கேளுங்கள். தாத்தா மறுபடி கேட்டால், "எனக்குச் சரியாகத் தெரியவில்லை தாத்தா, அம்மாவிடம் கேளுங்கள்" என்று சொல்ல அவனுக்கு அனுமதி கொடுங்கள்.

"கல்" என்ற பொய்யால் வரக்கூடிய மருத்துவக் கேடுகள் இதைவிட உடனடியானவை. ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் பித்தநீர் தேங்கிக் கிருமி தொற்றும், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வரும், மஞ்சள் திரும்பும். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை அது. கல்லை எடுத்தாகிவிட்டது என்று நம்பும் மனிதர், அதைச் சாதாரணக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியும்வரை படுத்திருப்பார். கணையப் புற்றுநோயில் முதுகுக்குப் பாயும் வலி வரக்கூடும். மார்ஃபின் மாத்திரையாலும், தேவைப்பட்டால் வயிற்றின் பின்புற நரம்பு முடிச்சில் போடும் ஊசியாலும் அதை நன்றாகக் கட்டுப்படுத்த முடியும். ஆனால் கல்லுக்கு எதற்கு மார்ஃபின் என்று அவர் கேட்கும்போது நீங்கள் அடுத்த பொய்க்குத் தாவ வேண்டியிருக்கும். கீமோவுக்குப் பிறகு உடல் தளரும்போது, கல்லுக்குத் தவறான மருந்து கொடுத்துவிட்டார்கள் என்று அவர் மருத்துவரையே சந்தேகிப்பார். அந்த நிலைக்கு வந்த நோயாளியின் நம்பிக்கையை மீட்பது மிகக் கடினம். இந்த நோய் இந்தக் கட்டத்தில் பெரும்பாலோருக்கு மாதக் கணக்கில்தான் காலம் தருகிறது. அந்த மாதங்களில் வங்கிக் கணக்கு, நாமினி, நிலப் பத்திரம், உயில் என்று அவர் கையாலேயே முடிக்க வேண்டியவை இருக்கும். கணக்கு முடிக்காமல் எழுந்திருக்கும் பழக்கம் அவருக்கு இருந்திருக்காது.

அம்மாவின் பயத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. அதற்கு ஆதாரமும் உண்டு. 2012-ல் வெளியான ஸ்வீடன் நாட்டு ஆய்வில், புற்றுநோய் என்று கண்டறியப்பட்ட முதல் வாரத்தில் தற்கொலை நிகழும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பன்னிரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. மாரடைப்பு போன்ற இதய மரணங்களும் கூடியிருந்தன. மொத்தத்தில் இவை அரிதாகவே நிகழ்ந்தாலும், சொன்ன பிறகு வரும் நாட்களை அலட்சியமாக விடக் கூடாது என்பதற்கு இது போதும். மறுபக்கத்தில், 2008-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, முற்றிய புற்றுநோயோடு இருந்த 332 பேரைப் பின்தொடர்ந்தது. இறுதிக்காலம் பற்றி மருத்துவரோடு பேசியவர்களுக்கு மனச்சோர்வு கூடவில்லை. கடைசி வாரத்தில் பயனற்ற கடும் சிகிச்சைகள் அவர்களுக்குக் குறைவாகவே நடந்தன. குடும்பத்தாரும் பின்னர் துக்கத்திலிருந்து சற்று நன்றாகவே மீண்டார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், சொல்வதைவிட, சொல்லிவிட்டுத் தனியே விடுவதில்தான் ஆபத்து இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அப்பாவுக்கு முன்பு மனச்சோர்வு இருந்ததென்றால், குடிப்பழக்கம் இருந்ததென்றால், அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். வீட்டிலோ வயலிலோ பூச்சிமருந்து இருந்தால் அப்புறப்படுத்துங்கள். மாத்திரைகளை உங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில நாட்கள் இரவில் யாராவது கூடப் படுத்துக்கொள்ளட்டும். "வாழ வேண்டாம் என்று தோன்றுகிறதா அப்பா?" என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அவர் ஆம் என்றால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

இப்போது செய்முறை. உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே நேரம் கேளுங்கள். புறநோயாளிப் பிரிவின் நெரிசலில் வேண்டாம்; கதவு சாத்தக்கூடிய அறையில், அப்பாவை உட்காரவைத்து, நீங்களும் அம்மாவும் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்பா தம்பி இருக்க வேண்டும் என்று விரும்பினால் அவரும் இருக்கட்டும். இதற்கென்று மேலைநாட்டுப் புற்றுநோய் மருத்துவர்கள் 2000-ல் வகுத்த படிப்படியான முறையைப் பல மருத்துவக் கல்லூரிகளில் கற்பிக்கிறார்கள். அதன் உயிர்நாடி, சொல்வதற்குமுன் கேட்பது. "உங்கள் உடம்புக்கு என்ன என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் ஐயா?" என்று முதலில் கேட்பார்கள். அப்பா என்ன சொல்கிறார் என்று பாருங்கள், பல சமயம் "அதுதானே?" என்று அவரே ஆரம்பித்துவிடுவார். அடுத்து, "சோதனை முடிவுகளை விவரமாகச் சொல்லட்டுமா, மேலோட்டமாகப் போதுமா, இல்லை மகளிடம் பேசிக்கொள்ளட்டுமா?" என்று கேட்க வேண்டும். விவரம் வேண்டும் என்றால், "நினைத்ததைவிட விஷயம் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது" என்று ஒரு வார்த்தை சொல்லி, அவர் தன்னைத் திடப்படுத்திக்கொள்ள இடம் விட்டு, பிறகு கணையத்தில் கட்டி, அது புற்றுநோய் வகை என்று சொல்லலாம். அதற்குப் பிறகு வரும் மௌனத்தை யாரும் நிரப்ப வேண்டாம். அம்மா அழுதால் அழட்டும். கல்லீரலுக்குப் பரவியதையும் காலக் கணக்கையும் அதே நாளில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. அவர் கேட்டால் சொல்லலாம், அடுத்த முறைக்கு விடலாம். "எத்தனை நாள்?" என்று கேட்டால், தேதி குறிப்பிடும் மருத்துவரை நம்பாதீர்கள். "வருஷக் கணக்கில் பேச முடியாது, மாதக் கணக்கில் பார்க்கிறோம், நாங்கள் நினைப்பதைவிடக் கூடவும் இருக்கலாம்" என்பது நேர்மையான பதில்.

அவர் உங்களிடமே கேட்டுவிட்டால் என்ன செய்வது? அதுதான் பெரும்பாலும் நடக்கும். இரவில் விளக்கை அணைத்த பிறகு கேட்பார். "ஒன்றுமில்லை, தூங்குங்கள்" என்று சொல்லிவிடாதீர்கள். "உங்களுக்கு என்ன தோணுதுப்பா?" என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொன்னால் மறுக்காதீர்கள். "ஆமாம்ப்பா, வியாழக்கிழமை டாக்டர்கிட்ட சேர்ந்தே போய்க் கேட்போம், நான் கூடவே இருக்கேன்" என்றால் போதும். ஏன் மறைத்தாய் என்று அவர் கோபப்பட்டால், பயந்துவிட்டோம் என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

தம்பிக்கு நீங்கள் இதைப் படித்துக் காட்டலாம். உரிமையைப் பற்றி அவர் சொல்வது சரி. தெரிந்துகொள்ளாமல் இருப்பதும், தம் சார்பில் யாரிடம் சொல்ல வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதும்கூட அதே உரிமையில் அடங்கும். நோயாளிகளின் உரிமைகள் பற்றிய உலக மருத்துவச் சங்கத்தின் லிஸ்பன் பிரகடனம் இவ்விரண்டையும் ஏற்கிறது. தகவலை நோயாளியின் பண்பாட்டுக்கு ஏற்ற முறையில் சொல்ல வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. தம்பி தாமாகச் சொல்லிவிட்டு விமானம் ஏறுவதை நான் ஆதரிக்கமாட்டேன். சொன்ன மறுநாளும் அதற்கடுத்த வாரமும் அப்பா கேட்கப்போகும் கேள்விகளுக்கு வீட்டில் இருந்து பதில் சொல்லப்போவது நீங்கள். அதனால் அவர் வந்த முதல் இரண்டு மூன்று நாட்களிலேயே மருத்துவரோடு இந்தச் சந்திப்பை வைத்துக்கொள்ளுங்கள். மீதி நாட்கள் அவர் அப்பாவோடு இருக்கட்டும். பெரியப்பாவிடம் அனுமதி கேட்கப் போகாதீர்கள்; அப்பாவிடம் நாங்களாக எதையும் சொல்லப்போவதில்லை, டாக்டர் அவரையே கேட்கப்போகிறார் என்று தெரிவித்துவிடுங்கள். இப்படிச் சொன்னால் எதிர்ப்பு பெரும்பாலும் தணிந்துவிடும். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரண ஆதரவு சிகிச்சைச் செவிலியர் வீட்டுக்கே வருவதற்கு ஏற்பாடு செய்வார்கள். அவர்கள் வரத் தொடங்கும்போது வீட்டில் பொய் இல்லாமல் இருந்தால் அவர்களுக்கும் வேலை எளிது.

கடைசியாக, அப்பா, "எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், மகள் பார்த்துக்கொள்வாள்" என்று மருத்துவரிடம் சொல்லிவிடவும் வாய்ப்பிருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள்கூட அப்படிச் சொல்வது உண்டு. அப்படிச் சொன்னால் அதை மருத்துவரிடம் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். தம்பியும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். அப்போதும் "கல்" வேண்டாம். "கட்டி இருக்கிறது, அதற்கு மருந்து கொடுக்கிறோம், காய்ச்சல் வந்தால் உடனே சொல்லுங்கள்" என்ற அளவு உண்மை அவருக்குத் தேவை. மருந்தை மாற்றும்போதும், கீமோவை நிறுத்தும்போதும், ஐ.சி.யு.வில் சேர்ப்பதா வேண்டாமா என்ற பேச்சு வரும்போதும், "இப்போது தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா?" என்று மருத்துவர் அவரை மறுபடி கேட்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பீரோவிலிருந்து எடுத்து மற்ற ரிப்போர்ட்டுகளோடு ஃபைலில் வைத்துவிடுங்கள்.